கினபாலு: இரண்டு முறையும் பானாலாபானோடு சரி

வணக்கம். சிங்கப்பூர் ஈசூன்வாசி, வயது 41. மலேசியாவின் சபாவில் இருக்கிற கினபாலு மலையின் உச்சி 4,095 மீட்டர். நான் இரண்டு முறை போயும் 3,200 சொச்சத்தில் இருக்கிற பானாலாபான் தங்குமிடத்தைத் தாண்டலை.

போன வருஷமும் இந்த மார்ச்சிலும் அதே கதைதான். காலை 9 மணிக்கு ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாசல், மாலை 4க்குத் தங்குமிடம், 6 மணிக்கு மண்டை பிளக்கிற வலி, வாந்தி. பொட்டுத் தூக்கமில்லை. இரவு 2.30க்கு எல்லாரும் கிளம்ப, வழிகாட்டி என்னை விடலை. கீழே இறங்கினதும் சரியாயிடுச்சு.

பயிற்சிக்கு வாரம் மூணு நாள் எங்க அடுக்குமாடி புளோக்கில் படியேற்றம், ஞாயிறு புக்கிட் தீமா. (163 மீட்டர் குன்று உயரத்தைப் பழக்குமான்னு மனைவி சிரிக்கிறா, நியாயம்தான்.) தண்ணீர், பனடோல், மெதுநடை எல்லாம் பார்த்தாச்சு. சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறதால டாக்டர் உயர நோய்க்கான டையமாக்ஸ் மாத்திரை தரலை.

செப்டம்பரில் மறுபடி போறேன். ஏறும் முன் மலையடிவார ஊரான குண்டாசாங்கில் ரெண்டு இரவு தங்கினவங்களுக்குத் தலைவலி குறைஞ்சதா?