மறு: குவாசி பவுண்ட் ஸ்டேட்டுக்கு ‘கசிபிணைநிலை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

குவாசி பவுண்ட் ஸ்டேட் (quasi-bound state), அதாவது ஒரு துகள் அணுக்கருவில் கட்டுண்டும் நிலைத்துத் தங்காமல் மாறிப்போகிற நிலை, அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டே வந்தேன், இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது. முதலில், ‘போலிப் பிணைப்பு நிலை’ வேண்டாம். போலி டாக்டர், போலிப் பத்திரம் என்று பேப்பரில் தினமும் படிக்கிற பிள்ளை, பிணைப்பே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும். ‘அரைப்பிணைப்பு’ம் ஒட்டவில்லை, குறைக்கடத்தி வந்தபோதே அரை, குறை எல்லாம் செமிக்குப் போய்விட்டன, இங்கே பாதி என்று எதுவும் கிடையாது. பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் குவாசி ஸ்டேட்டிக்கை ‘மீமெதுவான நிகழ்வு’ என்று போட்டிருக்கிறார்கள். குவாசி என்ற சொல்லைத் துரத்தாமல் நடப்பதைப் பார்த்து வைத்த பெயர் அது. நாமும் அப்படியே செய்யலாம்.

என்ன நடக்கிறது? ஈட்டா என்ற மெசான் (மிகக் குறைந்த ஆயுள் கொண்ட ஒரு துகள்) குறைந்த ஆற்றலில் புரோட்டானையோ நியூட்ரானையோ சந்தித்தால் இரண்டுக்கும் இடையே ஈர்ப்பு உண்டு, 1535 ஒத்ததிர்வு (நியூக்ளியானின், அதாவது புரோட்டான் அல்லது நியூட்ரானின், 1535 மெகா எலக்ட்ரான்வோல்ட் அளவிலான கிளர்வுநிலை) பயன்தொடக்க ஆற்றலுக்கு, அதாவது ஈட்டா உண்டாகத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலுக்கு, சற்று மேலேயே உட்கார்ந்திருப்பதால். அந்த ஈர்ப்பு போதுமானால் ஈட்டா அணுக்கருவுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும் என்று 1986இல் ஹைதர், லியூ என்ற இயற்பியலாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் சிக்கினாலும் தங்காது. ஈட்டாவின் நிறை ஏறக்குறைய 548 மெகா எலக்ட்ரான்வோல்ட், மெசான்களில் லேசான பையானுக்கு 140தான், ஆக உள்ளே இருக்கிற ஒரு நியூக்ளியானோடு சேர்ந்து பையானாக மாறி வெளியேற வழி எப்போதும் திறந்தே கிடக்கிறது. ஈட்டாவாக வெளியே வர ஆற்றல் பற்றாது, பையானாக வரத் தாராளமாக இருக்கிறது. நிலையின் அகலம் (அதன் ஆற்றல் எவ்வளவு பரந்திருக்கிறது என்ற அளவு, அது கூடினால் ஆயுள் குறையும்) 10 மெகா எலக்ட்ரான்வோல்ட் என்றால் ஆயுள் சுமார் 7 × 10⁻²³ வினாடி.

போன வாரம் மேலூர்ப் பக்கம் சித்தப்பா ஊரில் கண்மாய்க்கரையில் நின்றேன். தண்ணீர் கரைக்கு ஒரு முழம் கீழே, கலுங்கு வழியாக ஒரு சொட்டு போகவில்லை. மடையில் மட்டும் பலகை உளுத்துப்போய், சாக்கையும் களிமண்ணையும் திணித்து வைத்திருக்கிறார்கள், அதையும் மீறி வாய்க்காலில் விரல்கடை ஆழத்துக்கு ஓடுகிறது. கண்மாயில் தண்ணீர் நிற்கிறதா என்றால் நிற்கிறது, கசிகிறதா என்றால் கசிகிறது. நான் தேடிக்கொண்டிருந்த சொல் அங்கேதான் கிடைத்தது: கசிபிணைநிலை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அணுக்கருவுக்குள் எட்டிப்பார்க்க முடியாது, வாய்க்காலில் வருவதை வைத்துத்தான் உள்ளே இருப்பது தெரியும். ஈட்டா மறைந்த இடத்திலிருந்து ஒரு புரோட்டானும் ஒரு எதிர்மின் பையானும் ஏறத்தாழ எதிரெதிர்த் திசையில் கிளம்பும், ஜெர்மனியின் யூலிஷ் நகரத்து கோஸி துகள் முடுக்கியில் அந்த ஜோடியைத்தான் தேடினார்கள். கேயான் என்ற இன்னொரு மெசான் பக்கம் ஜப்பானின் ஜே-பார்க் முடுக்கியில் ஹீலியம்-3 மேல் எதிர்மின் கேயானை மோதவிட்டு, கேயானும் இரண்டு புரோட்டானும் சேர்ந்த ஒரு நிலையைக் கண்டார்கள். பிணைப்பு ஆற்றல் 40 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சற்று மேல், அகலமோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மடை என்று சொல்வதைவிட உடைப்பு என்றே சொல்லலாம், அவ்வளவு கசிவு.

திருநெல்வேலி அண்ணன் எழுதியது:

> ‘மெய்நிகர் நிலை’ என்று இரண்டுக்கும் ஒரே சொல் போதாதா?

இரண்டும் என்றால் குவாசி பவுண்ட் ஸ்டேட்டும், கட்டுண்பதற்கு ஈர்ப்பு கொஞ்சம் பற்றாமல் போன விர்ச்சுவல் ஸ்டேட்டும். போதாது அண்ணே, இதில்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். டியூட்ரானும் புரோட்டானும் மோதி ஹீலியம்-3உம் ஈட்டாவும் உண்டாகிற வினையில், பயன்தொடக்கத்திலிருந்து ஒரு மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குள்ளேயே வினை நடக்கிற வாய்ப்பு சரசரவென்று ஏறிவிடுகிறது. 2007இல் கோஸியில் இரண்டு குழுக்கள் அதை நுணுக்கமாக அளந்தார்கள். பக்கத்தில் ஏதோ ஒரு நிலை இருக்கிறது என்பது தெரிகிறது, ஆனால் சிதறல் நீளத்தின் (குறைந்த ஆற்றலில் ஈட்டாவும் அணுக்கருவும் எவ்வளவு வலுவாக ஒன்றையொன்று பாதிக்கின்றன என்று காட்டும் எண்) மெய்ப்பகுதிக்குக் கூட்டலா கழித்தலா, என்ன குறி என்பதை அந்த அளவீடு மட்டும் சொல்லாது. ஈட்டா உண்மையில் கட்டுண்டதா, அல்லது கட்டுண்பதற்குக் கொஞ்சம் ஈர்ப்பு பற்றாமல் போனதா? கேள்வியே இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போது இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கட்டுரையில் எதைத்தான் கேட்பது? பற்றாமல் போனதற்கு ‘மாயநிலை’ வைக்கலாம், மாய பிம்பம் பள்ளியிலேயே பழகின சொல்.

எழுத்து பற்றி ஒன்று. இது வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி, கசிந்த, கசிகிற, கசியும் மூன்றும் அதில் அடங்கும், ஒற்று மிகாது. தயவுசெய்து யாரும் ‘கசிப்பிணை’ என்று எழுதிவிடாதீர்கள், இலங்கையில் கசிப்பு என்றால் கள்ளச்சாராயம்.

அண்ணே, உங்கள் மொழிபெயர்ப்பில் ஹீலியம்-3 பத்தியை மட்டும் பிணைநிலை, கசிபிணைநிலை, மாயநிலை மூன்றையும் வைத்து ஒருமுறை எழுதி அனுப்புங்கள். வாய்விட்டுப் படித்துப் பார்த்து எங்கே இடறுகிறது என்று சொல்கிறேன்.