மறு: ‘பைஸ்டாண்டர் விளைவு’, ‘அப்ஸ்கோபல் விளைவு’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையின் மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். பரிந்துரைகள் குவிந்துவிட்டன. ஆனால் எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதிலேயே ஆளுக்கொரு எண்ணம் இருப்பதாகத் தெரிகிறது. ஆகவே நிகழ்வை முதலில் சொல்லிவிட்டு மடல்களுக்கு வருகிறேன்.

கதிர்வீச்சு உயிர்த்திசுவை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு நெடுங்காலம் ஏறக்குறைய ஒரே விளக்கம்தான் இருந்தது. கதிர் செல்லின் உட்கருவைத் துளைத்து டிஎன்ஏ இழையை அறுக்க வேண்டும்; அல்லது செல்லுக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகளை உடைத்து, அதில் பிறக்கும் வேதித் துணுக்குகள் அந்த இழையைத் தாக்க வேண்டும். எப்படியானாலும் அடி வாங்கிய செல்தான் சேதமடையும். 1940களில் டக்ளஸ் லீ விரிவாக வகுத்த இலக்குக் கோட்பாட்டின் சாரம் இதுதான்.

1992இல் ஹார்வர்டில் நாகசாவாவும் லிட்டிலும் சீன ஹாம்ஸ்டரின் சூல்பைச் செல்களின் மீது புளூட்டோனியம்-238இன் ஆல்பா துகள்களை மிகக் குறைந்த அளவில் செலுத்தினார்கள். 0.31 மில்லிகிரே (கிரே என்பது திசு ஏற்ற கதிராற்றலின் அலகு) போதுமாக இருந்தது. அந்த அளவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான உட்கருக்களைத்தான் துகள் துளைத்திருக்க முடியும். ஆனால் சுமார் 30 விழுக்காடு செல்களில் குரோமோசோம் இழைகள் ஒன்றோடொன்று துண்டு மாற்றிக்கொண்டதன் தடயம் இருந்தது. ஆற்றல் கணக்குப்படி மீதி 29 பங்குச் செல்களுக்குள் எதுவும் நுழையவே இல்லை. அவை பெற்ற கதிரளவு சுழியம். விளைவு மட்டும் சுழியம் இல்லை. ஆங்கிலத்தில் ‘பைஸ்டாண்டர் விளைவு’ எனப்படும் இதற்குத்தான் பெயர் வேண்டும்.

> ‘வேடிக்கை பார்ப்போர் விளைவு’ என்றே சொல்லலாம். மூலச்சொல்லுக்கு நேரான பொருள். உளவியலிலும் இதே சொல் ஆகும்.

உளவியலிலும் ஆகும் என்பதுதான் ஐயா சிக்கலே. டார்லியும் லட்டானேயும் 1968இல் ஆராய்ந்தது, கூட்டத்தில் நிற்பவர்கள் ஆபத்தில் சிக்கியவருக்கு உதவாமல் இருந்துவிடுவதை. அங்கே நிற்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை. இங்கே நிற்பவருக்குத்தான் கேடு. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக எதிரெதிரான இரண்டு நிகழ்வுகளைத் தமிழிலும் ஒரே பெயரில் கட்டிப்போட வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. தவிர, செல் எதையும் வேடிக்கை பார்ப்பதில்லை. தேர்வுத்தாளில் இந்தச் சொல்லைப் பார்க்கும் மாணவர் சிரித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்.

> ‘அண்டைச்செல் விளைவு’. எளிமை, தெளிவு. இதற்கே என் வாக்கு.

குழுவில் பலரும் இதற்குத்தான் கை தூக்கியிருக்கிறீர்கள். எனக்கும் ஓசை பிடித்திருக்கிறது. நெருக்கமாக வளர்ந்த செல்களில் பக்கத்துச் செல்லுக்குள் திறக்கும் நுண்வாயில்கள் வழியாகச் செய்தி கடப்பது உண்மை. அந்த வாயில்களை வேதிப்பொருளால் அடைத்தால் விளைவு குறைகிறது என்றும் காட்டியிருக்கிறார்கள். இத்தோடு நின்றிருந்தால் ‘அண்டை’ சரியான சொல்.

ஆனால் 1997இல் மதர்சில், சீமோர் இருவரும் வேறொன்றைச் செய்தார்கள். காமா கதிர் பட்ட மனித எபிதீலியச் செல்கள் (உடற்பரப்புகளை மூடும் படலத்தின் செல்கள்) ஊறிய வளர்ப்பு ஊடகத்தை மட்டும் வடித்தெடுத்து, கதிரையே காணாத வேறொரு தட்டின் செல்களுக்கு ஊற்றினார்கள். அந்தச் செல்களில் பிழைத்துப் பெருகியவை குறைந்துபோயின. நாரரும்புச் செல்களின் (இணைப்புத்திசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள்) ஊடகத்துக்கு அந்தத் திறன் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. எல்லாச் செல்லும் இந்தச் செய்தியை அனுப்புவதில்லை. இரண்டு தட்டும் எந்தக் காலத்திலும் ஒன்றுக்கொன்று அண்டையாக இருந்ததில்லை.

இன்னும் விசித்திரமானது 2006இல் அவர்கள் வெளியிட்ட மீன் சோதனை. எக்ஸ் கதிர் கொடுத்த வானவில் டிரவுட் மீன்களோடு, கதிர் படாத மீன்களை ஒரே தொட்டியில் நீந்தவிட்டார்கள். படாத மீன்களின் திசுக்களிலும் மாற்றம் தெரிந்தது. கதிர் பட்ட மீன்களை எடுத்துவிட்டு, அவை இருந்த தண்ணீரில் மட்டும் புது மீன்களை விட்டபோதும் தெரிந்தது. இதை அண்டைச்செல் விளைவு என்று எந்த வாயால் சொல்வது? பெயரில் இடத்தைப் புகுத்தினால், இடம் மாறிய மறுநாளே பெயர் பொய்யாகிவிடும்.

> ‘தொற்றுச்சேத விளைவு’ என்று என் பரிந்துரை. ஒரு செல்லின் சேதம் இன்னொன்றுக்குத் தொற்றுகிறதல்லவா?

அம்மா, இதை மட்டும் கைவிட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். புற்றுநோய்க்கு வெளியிலிருந்து கதிர் மருத்துவம் பெற்றவர் வீடு திரும்பியதும், பேரப்பிள்ளையை அவர் மடியில் உட்காரவிடாத குடும்பங்கள் நம் ஊரில் இன்றைக்கும் உண்டு. கோபால்ட் கருவியிலிருந்தோ நேரியல் முடுக்கியிலிருந்தோ கதிர் பெற்றவர் உடலிலிருந்து எந்தக் கதிரும் வெளியே வருவதில்லை. தைராய்டுக்கு அயோடின்-131 உட்கொண்டவர்கள் சில நாள் விலகி இருக்க வேண்டும் என்பது வேறு கதை. அங்கே கதிரியக்கப் பொருளே உடலுக்குள் இருக்கிறது. கதிர்வீச்சையும் கதிரியக்கத்தையும் செய்தித்தாள்களே போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கும்போது, ‘தொற்று’ என்ற சொல்லை நாம் வேறு இதன் அருகில் கொண்டுபோய் வைத்தால், அடுத்த ஞாயிறு இணைப்பிதழில் ‘கதிர்வீச்சு தொற்றும்: விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு’ என்று வரும். கலைச்சொல் செய்கிறவர்களுக்கு இதில் பொறுப்பு இருக்கிறது.

‘சேதம்’ என்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. செய்தி பெற்ற செல்கள் எப்போதும் கெட்டுப்போவதில்லை. சில சோதனைகளில் அவை அடுத்து வரும் பெரிய கதிரளவைத் தாங்கும் திறனைப் பெற்றிருக்கின்றன. நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பைப் பெயருக்குள்ளேயே எழுதிவைக்க வேண்டாம். ‘விளைவு’ இருபக்கமும் சாயாத சொல்.

> பொருள் அறிவியலில் ‘பரவுசேதம்’ என்று நாங்கள் எழுதுவதுண்டு. நியூட்ரான் ஓர் அணுவைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, சேதம் பரவுகிறது. அதே கருத்துத்தானே இது?

உலோகவியல் நண்பரின் மடலை ரசித்துப் படித்தேன். ஒப்புமை கவர்ச்சியானது, ஆனால் ஒப்புக்கொள்ள முடியாது. படிகத்துக்குள் நடக்கும் அந்த மோதல் அடுக்கில், இடம் பெயர்ந்த ஒவ்வோர் அணுவும் அடி வாங்கியிருக்கிறது. ஆற்றல் கைமாறிய கணக்கு இருக்கிறது. எல்லாம் சில பிக்கோ விநாடிகளில் முடிந்துவிடும். அணுவுலையின் கிராஃபைட்டில் இடம் பெயர்ந்த கார்பன் அணுக்கள் விக்னர் ஆற்றலைச் சேர்த்துவைக்கும். 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் அணுவுலையில் அந்த ஆற்றலைச் சூடாக்கி வெளியேற்றப் போய்த்தான் தீப்பிடித்தது. அங்கேயும் சேர்ந்த ஆற்றல்தான் வெளியே வந்தது. கிராஃபைட் பக்கத்துக் கட்டிக்குச் செய்தி அனுப்பவில்லை. திசுவில் நடப்பது ஆற்றல் பரவல் இல்லை, சமிக்ஞை. ஆற்றலை வாங்கிய செல் உயிரோடு இருந்து, ஏதோ ஒன்றைச் சுரந்து, அதை இன்னொரு செல் உணர்ந்து தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. உயிர் இருப்பதால் மட்டுமே நடக்கக்கூடியது. ஆகவே ‘பரவுசேதம்’ உங்கள் துறைக்கே இருக்கட்டும். அங்கே அது பொருத்தமான, அழகான சொல்.

இனி என் பரிந்துரை: கதிர்படாச் செல் விளைவு. கட்டுரையில் முதல்முறை முழுமையாக. பிறகு சுருக்கமாகப் படாச்செல் விளைவு.

பள்ளி இயற்பியலிலேயே படுகதிர், படுகோணம் என்று பழகியிருக்கிறோம். அதே ‘படு’வின் எதிர்மறைதான் இது. வாடாமலர், அழியாப்புகழ் போல ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வல்லினம் வந்தால் ஒற்று மிகும். தொலைவு, நெருக்கம், நன்மை, தீமை எதையும் இந்தச் சொல் முன்கூட்டிச் சொல்லவில்லை. கதிர் படவில்லை, ஆனாலும் விளைவு உண்டு என்ற முரண் மட்டும் சொல்லுக்குள் இருக்கிறது. அந்த முரண்தான் கண்டுபிடிப்பே.

இலங்கை நண்பர்களுக்கும் இது இடைஞ்சல் தராது. அவர்கள் பாடநூல் மரபில் செல் கலம், திசு இழையம். ‘படாக்கல விளைவு’ என்று அவர்கள் எழுதினால் தமிழ்நாட்டு வாசகருக்கும் விளங்கும். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஏற்கெனவே கேட்டிருந்தபடி, பெயரின் முன்பாதி இரு கரைக்கும் பொதுவாக இருந்தால் போதும். ‘உயிரணு’ வேண்டும் என்பவர்கள் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: அணு, அணுக்கரு, அணுவுலை என்று வரிக்கு வரி வரும் கட்டுரையில் உயிரணுவையும் கலந்தால் வாசகர் எந்த அணு என்று தேடிக்கொண்டிருப்பார். மற்றக் கட்டுரைகளில் அந்தச் சொல்லோடு எனக்குப் பகை இல்லை.

எதிர்ப்புகள் வரும் என்று தெரியும். சென்னைப் பேச்சில் ‘படா’ என்றால் ‘பெரிய’ என்று பொருள். படாச்செல் என்றால் பெரிய செல் என்று யாராவது நினைக்கலாம். ஒரு வகுப்புச் சிரிக்கும், அவ்வளவுதான். இன்னொன்று கனமான எதிர்ப்பு: ‘பாதிக்கப்படாச் செல்’ என்று ஒருவர் படித்துக்கொண்டால் பொருள் தலைகீழாகிவிடும். முழு வடிவத்தில் ‘கதிர்’ முன்னால் நிற்பது அதற்காகத்தான். தலைப்பிலும் முதல் பயன்பாட்டிலும் அதை வெட்டக் கூடாது.

மரபணு மருத்துவத்தில் இதே ஆங்கிலப் பெயரில் வேறொரு நிகழ்வு உண்டு. கட்டியின் சில செல்களில் மட்டும் ஏற்றிய மரபணு ஒரு மருந்தை நஞ்சாக்க, அந்த நஞ்சு மரபணு ஏறாத செல்களையும் கொல்கிறது. அதற்கும் இதே சொல் ஆகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆகாது. அங்கே கதிரே இல்லை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

அப்ஸ்கோபல் விளைவைப் பலர் இதோடு சேர்த்துப் பேசிவிட்டீர்கள். அந்தச் சொல்லை 1953இல் படைத்தவர் ராபின் மோல். லத்தீனில் ‘விலகி’, கிரேக்கத்தில் ‘குறி’, இரண்டையும் ஒட்டினார். கதிர் பட்ட பகுதிக்குத் தொலைவில், ஆனால் அதே உடலுக்குள் நிகழ்வது என்று வரையறையும் கொடுத்தார். மிக அரிதாகக் காணப்பட்டது. 2012இல் வெளியான ஒரு நோயாளியின் வரலாறுதான் பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது: தோல் கருநிறப் புற்று (மெலனோமா) பரவியிருந்த அவர் நோயெதிர்ப்பைத் தூண்டும் இபிலிமுமாப் மருந்து பெற்றுவந்தார், முதுகெலும்பை ஒட்டிய கட்டிக்கு மட்டும் மூன்று தவணையில் 28.5 கிரே கொடுத்தார்கள். கதிர் படாத மண்ணீரல் புண்களும் பிறகு சுருங்கின. இங்கே தூது போவது நோயெதிர்ப்பு மண்டலம் என்று கருதுகிறார்கள்.

> ‘புறவிலக்கு விளைவு’ – புறம் + இலக்கு.

சொல்லாக்கம் நேர்மையானது. ஆனால் அச்சில் பார்த்தால் எல்லோரும் புற + விலக்கு என்றுதான் பிரிப்பார்கள். சாதிவிலக்கு, மதுவிலக்கு வரிசையில் போய் நின்றுகொள்ளும். புணர்ச்சி செய்த சதி.

இதற்கு நான் முன்வைப்பது சேய்மை விளைவு. மோலின் வரையறையில் தொலைவு இருக்கிறது, ஆகவே இங்கே இடத்தைப் பெயரில் சொல்வதில் தவறில்லை. சேய்மைச் சுட்டு படித்த யாருக்கும் புதிய சொல்லும் இல்லை. ‘தொலைவிளைவு’ என்றால் தொலைபேசி, தொலைக்காட்சி வரிசையில் கருவியின் வாடை அடிக்கிறது.

எழுதிப் பார்த்தேன்: “கட்டியில் படாச்செல் விளைவு சில மணிநேரத்தில் தெரிந்தது, சேய்மை விளைவு தெரியப் பல வாரங்கள் ஆயின.” இடறாமல் ஓடுகிறது என்றே நினைக்கிறேன்.

மிச்சம் இருப்பது, படாத செல்கள் கதிர் பட்ட செல்லுக்குத் திருப்பி உதவும் நிகழ்வு. ‘மீட்பு விளைவு’ என்று இழையின் இரண்டாம் மடலிலேயே சொல்லியிருந்தார்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதுங்கள். இல்லையென்றால் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.