சுவரில் திறந்திருக்கும் ஒட்டுக்கடை: சிங்கப்பூர்ச் சுவரோவியங்களும் எங்கள் அனுபவங்களும்

ஒட்டுக்கடைக்காரர் மகள் எழுதுகிறார்:

சிங்கப்பூர் ஓவியர்கள் தாங்கள் பிறந்து வளர்ந்த நகரத்தைக் கடைவீடுகளின் சுவர்களில் வரைந்து வைத்திருக்கிறார்கள். அவற்றின் முன்னால் நின்றபோது உங்களுக்கு நேர்ந்ததை இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அத்தாவுக்கு 82 வயது. கடையநல்லூரிலிருந்து சிறுவனாகக் கப்பலேறி வந்து, தஞ்சோங் பகாரில் வளர்ந்து, உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். பிறகு தம் தாய்மாமாவோடு சேர்ந்து சைனாடவுன் ஐந்தடிப் பாதை ஒன்றில், அதாவது கடைவீடுகளின் முன்னால் கூரையோடு செல்லும் நடைபாதையில், ஒட்டுக்கடை நடத்தினார். இன்றைய பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியிருக்கிறது. கடைவீட்டின் சுவரையோ தூணையோ ஒட்டினாற்போல், இரண்டு ஆள் நிற்கும் அகலத்தில், பலகையும் தகரமும் கொண்டு கட்டிய கடை அது. சில்லறையாகச் சிகரெட், புட்டிகளில் மிட்டாய், கயிற்றில் தொங்கும் சஞ்சிகைகள், தலைவலி மாத்திரை, தீப்பெட்டி என்று அந்த அகலத்துக்குள் ஒரு தெருவுக்குத் தேவையான எல்லாமே இருக்கும். சீனர்களும் மலாய்க்காரர்களும் அதை 'மாமாக்' கடை என்பார்கள். நம்முடைய 'மாமா' என்ற உறவுச் சொல்தான் அவர்கள் வாயில் அப்படி ஆயிற்று.

அத்தாவுக்கு முழங்கால் வலி. வெளியே அதிகம் வருவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்கு முன், அவரை முகமது அலி லேனுக்கு அழைத்துச் சென்றேன். மாரியம்மன் கோயிலிலிருந்து சிறிது தூரம்தான். அந்தச் சந்தின் சுவர்களில் யிப் யூ சோங் வரைந்த காட்சிகள் இருக்கின்றன. அவர் 1969-இல் பிறந்தவர், சைனாடவுனின் சாகோ லேனில் வளர்ந்தவர், தொழிலால் கணக்காளர். 2015-இல் எவர்ட்டன் ரோட்டில் முதல் சுவரோவியத்தை வரைந்தார். நிதித்துறை வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியரானது 2018-இல். சிங்க நடனமும் நிலாப் பண்டிகையும் உள்ள அதே சந்தில் அவர் ஒரு மாமாக் கடையையும் வரைந்திருக்கிறார்.

அத்தா அதன் முன்னால் நின்று வெகுநேரம் பேசவில்லை. பிறகு கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவருக்கு ஓரடி முன்னால் சென்று, "பாப்பா, கல்லாப்பெட்டி இந்த உயரத்துலதான் இருக்கும், நான் ஸ்டூல்ல உட்கார்ந்தா நெஞ்சளவுக்கு வரும்" என்று கையை வைத்துக் காட்டினார். சிகரெட் பற்றவைக்கத் தேங்காய் நார்க்கயிறு எந்தப் பக்கம் புகைந்துகொண்டு தொங்கும், பள்ளி விட்டு வரும் சீனப் பையன்கள் எந்த புட்டியைக் காட்டிக் கேட்பார்கள், கடன் சொல்லிவிட்டுப் போனவர்களை அடையாளம் வைத்துக்கொள்ளச் சீனப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எப்படிக் குறித்துவைத்தார் என்பதையெல்லாம் அங்கே நின்றபடி சொன்னார். நாற்பத்தைந்து ஆண்டுகளாக அவருடைய மகளாக இருந்தும் இவற்றில் பாதியை நான் அன்றுதான் கேட்டேன்.

அந்தச் சுவரில் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்று உண்டு. பல்லினத்தைக் காட்ட ஓர் இந்தியரும் இருக்கட்டும் என்ற கணக்கில் அந்தக் கடை அங்கே இடம்பெற்றதாக எனக்குத் தோன்றவில்லை. சைனாடவுனில் வளர்ந்த ஒரு பிள்ளை தன் தெருவை நினைத்துப் பார்க்கும்போது மாமாக் கடையும் தானாகவே அந்த நினைவுக்குள் வந்துவிடுகிறது. அண்டை வீட்டுப் பிள்ளையின் நினைவில் எங்கள் அத்தாவின் தொழில் இத்தனை காலம் பத்திரமாக இருந்திருக்கிறது என்பதை அறிந்தபோது என் கண்கள் நிறைந்துவிட்டன.


தெலுக் ஆயர் அலுவலர் எழுதுகிறார்:

நான் சொல்லப்போவது சிறிய நிகழ்ச்சிதான். அமோய் ஸ்திரீட்டில், தியான் ஹொக் கெங் என்னும் சீனக் கோயிலின் பின்சுவரில், அதே ஓவியர் 2017-இல் வரைந்த 44 மீட்டர் நீள ஓவியம் இருக்கிறது. ஹொக்கியன் சீனர்கள் கடல் கடந்து வந்து இங்கே வேரூன்றிய கதை அது. மதிய உணவு முடிந்து திரும்பும்போது, என்னோடு வேலை செய்யும் ஹொக்கியன் நண்பர் அதை எனக்கு ஒவ்வொரு காட்சியாக விளக்கிக்கொண்டே வந்தார். சுவர் முடிந்ததும் அவரைக் கோயிலின் முன்பக்கத்துக்கு, தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கு அழைத்துப் போய், அதே வரிசையில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்காவைக் காட்டினேன். கடலைத் தூர்ப்பதற்கு முன் அந்தத் தெருதான் கரை. அவருடைய முன்னோரும் என்னுடைய முன்னோரும் கால் வைத்த மணல் ஒன்றுதான் என்பது அந்தச் சுவரைப் பார்த்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் பேச்சாக வந்தது. அதற்கு முன் ஆறு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தோம்.


பூக்கட்டும் குடும்பத்துப் பெண் எழுதுகிறார்:

முதல் பதிவைப் படித்து நெகிழ்ந்தேன். ஆயினும் என் அனுபவத்தில் ஒரு வருத்தமும் கலந்திருக்கிறது. அதையும் சொல்ல இடம் கொடுங்கள்.

எங்கள் அம்மா லிட்டில் இந்தியாவின் தேக்காவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பூக்கட்டுகிறார். விடியற்காலையில் ஊரிலிருந்து விமானத்தில் வந்த மல்லிகையைப் பிரித்து, ஈரத்துணியில் பரப்பி, கடை திறக்கும் முன்பே பாதியைத் தொடுத்துவிடுவார். பெலிலியோஸ் லேனில் பழைய தொழில்களைக் காட்டும் பெரிய சுவரோவியம் இருக்கிறதே, கிளி ஜோசியரும் கச்சாங் பூத்தே என்னும் கடலை வகைகளை விற்பவரும் துணி வெளுப்பவரும் பூத்தொடுப்பவரும் ஒன்றாக இருக்கும் சுவர், அது எங்கள் கடையிலிருந்து நடக்கும் தூரம்தான். லாசால் கலைக் கல்லூரியும் சுற்றுலாக் கழகமும் சேர்ந்து 2015-இல் தொடங்கிய கலை நடையில் லிட்டில் இந்தியாவுக்கு இப்படிப் பல சுவர்கள் கிடைத்தன. யூனிஸ் லிம் வரைந்த மாடுகளும் ஜாக்ஸ்டன் சு வரைந்த ரேஸ் கோர்ஸ் ரோட்டுக் காட்சியும் அவ்வாறு வந்தவையே. வீண் அலங்காரமாக அவற்றை யாரும் எண்ணிவிட வேண்டாம். இங்குள்ள கெர்பாவ் ரோட்டின் பெயரில் வரும் கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. பெலிலியோஸ் என்பது கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வணிகம் செய்த யூதர் ஒருவரின் பெயர். ரேஸ் கோர்ஸ் ரோட்டின் பக்கத்தில் 1843 முதல் 1933 வரை உண்மையாகவே குதிரைகள் ஓடின. தெருப்பலகையில் வெறும் எழுத்தாக இருந்ததை ஓவியர்கள் மீண்டும் கண்ணுக்குத் தெரியும்படி செய்திருக்கிறார்கள். அதற்காக நான் அவர்களுக்கு என்றும் நன்றியுள்ளவள்.

என் வருத்தம் வேறு. ஒருநாள் அந்தச் சுவரின் முன் ஒரு சுற்றுலாக் குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வழிகாட்டி, "இவையெல்லாம் மறைந்துபோன தொழில்கள்" என்று சொன்னார். அப்போது என் கையில் வாடிக்கையாளர் ஒருவரின் வீட்டுக்குக் கொண்டுபோகும் இரண்டு மாலைகள் இருந்தன. கிளி ஜோசியரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பது உண்மை. கச்சாங் பூத்தே தள்ளுவண்டிகளும் அரிதாகிவிட்டன. ஆனால் பூக்கட்டுவதை மறைந்துபோனதாகச் சொல்வதை என்னால் ஏற்கமுடியவில்லை. நின்று அவரிடம் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அந்தக் குடும்பத்தை எங்கள் கடைக்கே அழைத்து வந்தார். அந்தக் குடும்பத்துச் சிறுமி எங்கள் அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரைக் காட்டிவிட்டுக் கடையைக் காட்டாமல் போகிறவர்கள்தான் நிறைய. இருந்தாலும் சுவர் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் அந்தச் சந்துக்கே வந்திருக்காது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.


பழைய மாணவன் எழுதுகிறார்:

நான் ஓவியம் படித்தவன். சுவர் வேலையில் கைகொடுத்த அனுபவமும் உண்டு. இந்த ஊரில் அனுமதியில்லாமல் சுவரைத் தொட முடியாது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்குகிறது. கட்டட உரிமையாளர் இசைய வேண்டும். லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம் என்பதால் கட்டடங்களின் தோற்றத்தை நினைத்தபடி மாற்ற முடியாது. அப்படிப் பாடுபட்டு வரைந்தாலும் மேற்கு பார்த்த சுவரில் முதலில் சிவப்பு வெளுக்கும். மழைநீர் வடியும் இடத்தில் சாயம் உரியும். நாங்கள் பன்னிரண்டு நாள் சாரத்தில் நின்று வரைந்த ஒரு சுவர், கட்டடம் கைமாறியதும் வெள்ளையடிக்கப்பட்டுவிட்டது. சுவர் அவர்களுடையது, எனவே கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் நாங்கள் வரைந்துகொண்டிருந்தபோது ஒரு பாட்டி தினமும் வந்து, வண்டிமாட்டின் நுகத்தடி தப்பாக இருக்கிறது என்று சொல்லி, எப்படி இருக்கும் என்று தம் குடையை இரண்டு நாற்காலிகளின் மேல் வைத்துக் காட்டியதை நான் மறக்கவில்லை. திருத்தினோம். ஆகவே உங்களை வேண்டிக்கொள்கிறேன்: பெரியவர்களை இந்த ஆண்டே அழைத்துச் செல்லுங்கள்.


ஒட்டுக்கடைக்காரர் மகள் மீண்டும் எழுதுகிறார்:

பூக்கட்டும் சகோதரியின் பதிவை அத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அடுத்த வாரமே பெலிலியோஸ் லேனுக்குப் போகலாம் என்று அவரே சொன்னார். கச்சாங் பூத்தே விற்பவரைப் பார்த்ததும், தம் கடைக்கு எதிரே நின்ற அப்படி ஒருவர் பழைய தொலைபேசிப் புத்தகத் தாளைக் கூம்பாகச் சுருட்டும் விதத்தை, என் கையிலிருந்த துண்டுத்தாளை வாங்கிச் செய்து காட்டினார். கூம்பு சரியாக வரவில்லை, விரல் நடுங்கியது. இன்னொரு தாள் கேட்டார். இரண்டாவது சரியாக வந்தது.

அங்கிருந்து பூக்கடைகளின் பக்கம் நடந்தோம். எது உங்கள் அம்மாவின் கடை என்று எனக்குத் தெரியாது, சகோதரி. ஓர் அம்மா தலை நிமிராமல் தொடுத்துக்கொண்டிருந்தார். அத்தா அவரிடம், உம்மாவுக்கு வாங்கிக்கொடுத்து எத்தனையோ ஆண்டுகள் ஆயிற்று என்று சொல்லி, இரண்டு முழம் மல்லிகை கேட்டார். அந்த அம்மா மூன்றாவது முழத்தையும் சேர்த்து அளந்து வாழையிலையில் மடித்துக் கொடுத்தார். வாடகைக் காரில் வீடு திரும்பும் வரை அந்தப் பொட்டலத்தை அத்தா மடியிலேயே வைத்திருந்தார்.