காத்திருக்கச் சொல்றாங்க. எப்படிக் காத்திருக்கறது?

கேள்வி (பேராவூரணி பக்கம்):
2018 நவம்பர் 16, கஜா புயல். மாமனார் வச்ச தென்னை 140-ம் ஒரே ராத்திரியில சாஞ்சுது. மறுபடி நெட்டைக் கன்னு வச்சோம், இப்பதான் பாளை விடுது. அதுக்குள்ள வீட்டுக்காரரும் போயிட்டார். “சாமி பாத்துக்கும்”ங்கறாங்க. கும்பிடக் கை எழும்பல.

பதில் 1:
தங்கச்சி, எனக்கும் வேளாங்கண்ணியில ஒரு வார்த்தை ஜெபம் வரல. மெழுகுவத்தி ஏத்திட்டு, மணல்ல உக்காந்து அழுதுட்டுக் கடைசி பஸ்ல திரும்பினேன். மாதாவுக்கு அது போதும்னு அம்மா சொன்னாங்க. மறுநாள் மாட்டுக்குத் தீனி வைக்க எந்திரிச்சேன்.

பதில் 2:
அக்கா, ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் எங்க கடைமடைக்குத் தண்ணி வர நாளாகும். அதுவரைக்கும் வாய்க்கால் வெட்டுவோம். விதவை உதவித்தொகைக்கு இ-சேவையில போட்டீங்களா?

கேட்டவர்:
இல்ல தம்பி, திங்கக்கிழமை போறேன். முதல் காய் எங்க அய்யனாருக்கு.