மைசெட்டோமாவுக்கு ஒரு தமிழ்ச்சொல்

நாகர்கோவிலிலிருந்து:

அன்புடையீர், கிராம சுகாதாரச் செவிலியர் பயிற்சிக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. மைசெட்டோமா வரும் இடத்தில் மட்டும் கோடிட்டு வைத்திருக்கிறோம். முள் குத்திய இடம் வலியில்லாமல் வீங்கி, ஆண்டுக்கணக்கில் துளைகள் விழுந்து, சீழோடு மணிமணியாகத் துகள் வெளிவரும் நோய் இது. 1842இல் மதுரையில் கில் என்ற மருத்துவர் பதிவு செய்ததால் ‘மதுரைக்கால்’ என்ற வழக்கு உண்டு. கையிலும் முதுகிலும் வரும் நோய்க்கு அது பொருந்தவில்லை. ‘பூஞ்சைக் கட்டி’ எனலாமா?

தக்கலையிலிருந்து:

ஐயா, கூடவே கூடாது. 1860இல் மருத்துவர் கார்ட்டர் இட்ட கிரேக்கப் பெயருக்கும் பூஞ்சைக் கட்டி என்பதே பொருள். அந்தப் பிழையை நாமும் சுமப்பானேன்? நோக்கார்டியா போன்ற பாக்டீரியாக்களாலும் இந்நோய் வருகிறது. அவ்வகைக்குக் கோட்ரைமாக்ஸசோல் முதலிய பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகளே பெரும்பாலும் போதும். பூஞ்சையென்றால் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை மாதக்கணக்கில் கொடுத்து, பலருக்கு அறுவையும் செய்ய வேண்டியிருக்கும். பெயரே பூஞ்சை என்று தீர்ப்பெழுதிவிட்டால், ஆழத்திலிருந்து திசு எடுத்து ஆய்வதற்கு யார் அனுப்புவார்கள்? கறுப்புத் துகள் பூஞ்சையைக் காட்டும். சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் பாக்டீரியாவை. வெள்ளை இரண்டிலும் வரும். ஆகவே கண்ணில் படுவதைச் சொல்லும் ‘குறுணைப்புரை’யை முன்மொழிகிறேன். குறுநொய் மருவிக் குறுணை ஆயிற்று. புரையோடிய புண் என்பதில் புரை உட்டுளை. குறளில் அதுவே குற்றம். உள்ளே துளைபட்ட பொருள் பழுதுபட்டது என்பதால் இரண்டும் ஒரே வேரின என்பது என் துணிபு.

தோவாளையிலிருந்து:

ஐயாவின் வேர்ச்சொல் ஆராய்ச்சி இருக்கட்டும். நம் மாவட்டத்துப் பத்திரங்களில் புரையிடம் என்றால் வீட்டுமனை; விளவங்கோட்டுப் பக்கம் குறுணைப்புரை என்றால் அரிசி வைக்கும் கொட்டில் என்பார்கள். குறுணையே அங்கே பொடியரிசிதான். மைசெட்டோமா என்றே அச்சிடுங்கள். ஆய்வகச் சீட்டில் அந்தச் சொல்தான் வரும்.

நாகர்கோவிலிலிருந்து:

‘புரை’ வேண்டாம் என்போரே மிகுதியாதலால், ‘மைசெட்டோமா என்னும் குறுணைப்புண்’ என்று அனுப்புகிறேன். புண் என்றால் மேற்புண் என்றே எண்ணுவார்கள், எலும்புவரை இறங்கும் நோயைக் களிம்பு பூசி அனுப்பிவிடுவார்கள் என்று தக்கலை ஐயா தனிமடலில் மறுப்பெழுதியிருக்கிறார். அவர் மறுப்பு நியாயமானது. சொல்லை மாற்ற நேரமில்லை. ‘எலும்பையும் தாக்கும், எக்ஸ்ரே எடுக்கவும்’ என்ற வரியைத் தலைப்பின்கீழ்த் தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன்.