புதுப்பிப்பு: சுங்குடிக் கடைக்கு நோட்டீசுக்குப் பதில் குட்டிப் புத்தகம்

மதுரையில் எங்கள் சுங்குடிச் சேலைக் கடை நோட்டீசை வாங்கியவர்கள் வாசலிலேயே கசக்கிப் போடுகிறார்கள், வேறு என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, ஒரே ஏ4 தாளை நடுவில் கீறி எட்டுப் பக்கமாக மடிக்கச் சொன்ன நண்பரின் யோசனைதான். ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தால் போதும். மேல் வரிசை நாலு பக்கமும் தலைகீழாக இருக்க வேண்டும் என்பதை மறந்து முதல் ஐம்பது தாள் வீண். அப்புறம் வெறுந்தாளை மடித்து, பக்க எண் எழுதி, பிரித்துப் பார்த்துச் சரிசெய்தேன்.

விலைப்பட்டியல் போடவில்லை. முடிச்சுப் போடுவது, சாயத்தில் தோய்ப்பது, 2005இல் கிடைத்த புவிசார் குறியீடு, அவ்வளவுதான். எதிர்பாராதது: கடைசிப் பக்கத்தில் இடம் நிரப்பப் போட்ட உப்புத் தண்ணீர் அலசல் குறிப்புக்காகவே, "அக்காவுக்கும் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்குகிறார்கள்.