மேகி கிண்டினால் சமையல் தெரிந்ததாகிவிடுமா?

செந்தூல் அப்பா:
நேற்று இங்கே ஓர் அம்மணி எழுதியிருந்தார்: "என் மகனுக்கு 14 வயது, மேகி தானே போட்டுச் சாப்பிடுகிறான். சமைக்கத் தெரிந்த பிள்ளை சாப்பாட்டில் கெட்டுப்போக மாட்டான்." படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. கொதிக்கிற தண்ணீரில் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டுவது சமையலா? அப்படியானால் தினமும் மைலோ கலக்கும் நான் நட்சத்திர ஓட்டல் சமையல்காரன். நம் மலேசியாவில் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்று 2019 தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. அதில் மேகி போடத் தெரியாதவன் ஒருத்தனைக் காட்டுங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அந்த அம்மணி நான்தான் ஐயா, பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். என் மகன் வெறும் மேகி போடுவதில்லை. முட்டை உடைத்து ஊற்றி, கங்கோங் கீரை நறுக்கிப் போட்டு, ஊசி மிளகாய் இரண்டு கிள்ளிப் போடுகிறான். நான் ஆக்கி வைத்தால் கங்கோங்கைத் தட்டோரம் ஒதுக்கிய பையன் அவன். தன் கையால் நறுக்க ஆரம்பித்த பிறகுதான் தின்கிறான். நானாகச் சொல்லவில்லை, மினசோட்டா பல்கலைக்கழகத்து ஆய்வு 2018-இல் வந்திருக்கிறது. 18 முதல் 23 வயதுக்குள் "எனக்குப் போதுமான அளவு சமைக்க வரும்" என்றவர்கள், பத்து வருடம் கழித்துக் காய்கறி போட்டு அதிகம் சமைத்தார்கள், துரித உணவைக் குறைவாகச் சாப்பிட்டார்கள்.

செந்தூல் அப்பா:
"என்றவர்கள்". யார் போய் ருசி பார்த்தது? உங்கள் மகனைக் கேட்டாலும் போதுமான அளவு வரும் என்றுதான் சொல்வான், கையில் மேகியை வைத்துக்கொண்டு! அதோடு அவர்கள் வாக்களிக்கிற வயதுக்காரர்கள். 14 வயதுக்கு அதைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். கங்கோங் போட்டாலும் மேகி மேகிதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி:
அண்ணே, இங்கிலாந்தில் 2014-இலிருந்து அரசுப் பள்ளிப் பாடத்திட்டத்தில் 14 வயது வரை சமையல் உண்டு. இங்கேயும் வைத்தால் என்ன?

செந்தூல் அப்பா:
தம்பி, அங்கே பிள்ளைகள் இப்போது கீரை மென்றுகொண்டா திரிகிறார்கள்? நம் பள்ளியிலும்தான் கெமாஹிரான் ஹிடுப் என்ற வாழ்க்கைத் திறன் பாடம் இருந்தது. நான் பலகை அறுத்தேன். வீட்டில் நாற்காலி செய்துவிட்டேனா?

ஆயர் ஈத்தாம் அக்கா:
பலகை அறுத்தவர் என்பது தெரிகிறது. தீபாவளி ஒன்றுகூடலுக்கு "நானே செய்தது" என்று ஆட்டிறைச்சிப் பிரட்டல் கொண்டுவந்தீர்களே, டப்பாவின் அடியில் கடை ஸ்டிக்கர் இருந்தது. நான் பார்த்தேன்.

செந்தூல் அப்பா:
டப்பா இரவல்! மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், டப்பா இரவல். பிரட்டல் என்னுடையது. உங்களைப் போன்ற பினாங்குக்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் சாப்பாட்டுப் பெருமை. கோலாலம்பூரில் யாரும் சமைப்பதே இல்லை என்ற நினைப்பு.

கெப்போங் டீச்சர்:
ஒன்று சொல்லட்டுமா? என் டியூஷன் பிள்ளைகள் இரவு ஒன்பதரைக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். பாதிப் பேர் வழியில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாயும் தே ஆயிஸும் (ஐஸ் தேநீர்) முடித்துவிடுகிறார்கள். ஒரு பையனுக்கு நன்றாகவே சமைக்க வரும், மீன் குழம்பே வைப்பான். எந்த நேரத்தில் வைப்பான்? வீட்டுக் குளிர்பெட்டியில் மீன் இருக்கிறதா என்றும் யாரும் கேட்பதில்லை.

செந்தூல் அப்பா:
டீச்சர், மீன் குழம்பு சமையல். ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்டது மேகி.

பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி:
மேகி கோரிங், அதாவது வறுத்த மேகி, கிண்டினால் கணக்கில் வருமா அண்ணே? வெங்காயம் வதக்க வேண்டுமே.

செந்தூல் அப்பா:
வராது.

ஆயர் ஈத்தாம் அக்கா:
வரும். என் மகன் சனிக்கிழமை சாம்பார் வைக்கப் போகிறான், படம் போடுகிறேன். முருங்கைக்காய் அவனே வெட்டுவான்.

செந்தூல் அப்பா:
கூடவே சாம்பார் தூள் பொட்டலத்தையும் படம் எடுத்துப் போடுங்கள் சகோதரி. பார்ப்போம்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
போடுகிறேன். நீங்கள் அந்த டப்பாவைப் போடுங்கள். அடிப்பக்கம் தெரிகிற மாதிரி.